முன்சக்கரம் நேராக்கிய அன்று அண்ணனுக்கு நடந்தது

அண்ணன் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் வீட்டின் வணக்கம். பிறந்த இடத்தில் தொடங்கி வரிசையாக எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். எந்த வரியைத் தொடங்கினாலும் அது அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் போய் நிற்கிறது. எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவர், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், எங்களுக்கே தெரியாமல் போய்விட்டார். அன்று நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். அதில் அம்மாவை இழுக்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது இதே பர்மாவில், க்யிம்யிண்டைங் பகுதியில், படகுத்துறைக்குப் பின்னால் இருந்த மூங்கில் வீடுகளில் ஒன்றில். அப்பா படகுகளில் வரும் மூட்டைகளை இறக்கும் வேலை செய்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் காலமானார். அண்ணனுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. பள்ளிக்கூடத்து வாசலை அவர் மிதித்ததெல்லாம், பிற்பாடு என்னைக் கொண்டுபோய் விடத்தான். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றினார், லாரியில் கிளீனராக இருந்தார், பிறகு டாக்ஸி ஓட்டினார். கியாக்டடாவில் சூலே பகோடா பக்கத்து நெரிசலில் நாள் முழுக்க அடுத்தவர் காரை ஓட்டி எங்களைத் தின்கன்ஜூனில் ஒரு வீட்டில் குடிவைத்தார், என்னைப் பட்டம் வரை படிக்கவைத்தார்.

எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். முடிவு வந்த அன்று டாக்ஸியில் ஏறிய எல்லோரிடமும் அதையே சொன்னாராம். ஒரு பர்மிய அம்மையார், "உன் தம்பி பாஸானது நல்லதுதான் மகனே, அதற்காக என் வீட்டைத் தாண்டி மூன்று தெரு போகணுமா?" என்று கேட்டாராம். இதை அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கென்று வேறு ஆசை எதையும் நாங்கள் பார்த்ததில்லை, அந்தக் காரைத் தவிர. கிட் கார் என்பார்கள். இரும்புச் சட்டமும் ஃபைபர் உடம்பும் தனித்தனியாகப் பெட்டிகளில் வரும், எஞ்சினையும் சக்கரங்களையும் நாமே பழைய வண்டியிலிருந்து எடுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். யாரோ ஒருவர் பாதியில் கைவிட்டதை அண்ணன் வாங்கி வந்து, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் இறக்கினார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

"இது காரா, குளிக்கிற தொட்டியா?"

"இப்போதைக்கு தொட்டிதாம்மா. நாலு சக்கரம் மாட்டுனா கார்."

"ரெண்டே ரெண்டு சீட்டுதான் இருக்கு?"

"அதான் வேணும். இதுல ஏறி எவனும் 'சூலேக்குப் போ'ன்னு சொல்ல முடியாதுல்ல? ஒண்ணு எனக்கு. ஒண்ணு உங்களுக்கு."

"நான் தொட்டியில எல்லாம் ஏற மாட்டேன்டா," என்றார் அம்மா. ஆனால் அன்றைக்கே அந்த இன்னொரு சீட்டைத் துணியால் துடைத்து வைத்ததும் அம்மாதான்.

பழைய வேன் ஒன்றின் எஞ்சினையும் முன்சக்கரப் பாகங்களையும் பூட்டினார்கள். கூட நின்றவர் கோ மியோ, அண்ணனுடன் டாக்ஸி ஓட்டியவர், எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி. வண்டி ஓடத் தொடங்கியதும் ஒரு குறை தெரிந்தது. கையை விட்டால் இடது பக்கம் இழுத்தது. முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரில் நிற்கவில்லை.

சக்கரம் நேராக்கும் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே இயந்திரத்தின் திரையில் முதலில் வண்டியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். கடைக்காரர் பர்மியத்தில் கேட்டார்: "என்ன வண்டி?"

"நம்ம வண்டி," என்றார் அண்ணன்.

"எந்த ஊர் வண்டி?"

"தின்கன்ஜூன்."

கடையே சிரித்தது. இல்லாத பெயரை எங்கே போய்த் தேடுவார்? அந்தப் பழைய வேனின் அளவையே வைத்து முன்சக்கரங்களைத் திருப்பினார். பாதியில் கரண்டும் போனது. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. வேன் கனமானது, எங்கள் வண்டி இலேசானது, அந்த அளவு இதற்குப் பொருந்தவில்லை. வீடு வருவதற்குள் வலது பக்கம் இழுத்தது.

வீட்டிலேயே நூல் கட்டிப் பார்த்துவிடுவோம் என்றார் அண்ணன். வண்டியின் இரு பக்கமும் பின்சக்கரத்திலிருந்து முன்வரை நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் முன்சக்கர விளிம்புக்கும் உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் அளக்க வேண்டும். சக்கரம் தடையில்லாமல் திரும்ப, அடியில் இரண்டு தகரத்தின் நடுவே கிரீஸ் தடவி வைத்தோம். ஸ்டியரிங் அசையாமலிருக்கக் கயிற்றால் கட்டினோம். இன்னொன்றும் வேண்டும். ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்தால் இலேசான வண்டி தாழ்ந்து, சக்கரத்தின் சாய்வே மாறிவிடும். அதனால் ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்குச் சமமான பாரம் இருக்க வேண்டும். பெட்டியோடு வந்த குறிப்பில் இதைப் படித்துச் சொன்னவன் நான்தான்.

கோ மியோ படகுத்துறையிலிருந்து கருங்கற்களைக் கொண்டுவந்து இருக்கையில் அடுக்கினார். அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"டேய்! என்னடா பண்றீங்க? எடுங்கடா கல்ல! உசுரோட இருக்குற எம்புள்ள உக்காருற எடத்துல கல்ல வைப்பீங்களாடா? ஆளுக்குப் பதிலா கல்லு வைக்கிறது கருமாதிக்குடா!"

இறந்தவர்களுக்காகக் கல் ஊன்றும் நம் வழக்கம் கோ மியோவுக்குத் தெரியாது. கையில் கல்லோடு விழித்தார். அண்ணன் பர்மியத்தில் விளக்கிச் சொன்னதும் பதறிப்போய், கல்லை அணைத்தபடி அம்மாவிடம், "மன்னிச்சு அம்மா, மன்னிச்சு," என்று தனக்குத் தெரிந்த தமிழில் கும்பிட முயன்றார். கல் காலில் விழப் பார்த்தது. அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"விடுங்கம்மா. முழுசா ஆள் இருக்கறப்ப கல்லு எதுக்கு? நானே உக்காருறேன்."

காலையிலிருந்து நெஞ்சில் எரிச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயு என்று நினைத்து சோடா குடித்தார். வேலை முடிந்ததும் படுக்கப் போவதாகச் சொன்னார். வண்டியைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தியிருந்தோம், வெயில் கடுமையாக இருந்தது. இருக்கையில் ஏறி, சாய்ந்து, இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். கோ மியோ பர்மியத்தில் சொன்னார்: "அண்ணே, அசையக் கூடாது. மூச்சுகூட மெதுவா விடுங்க."

"ஃபோட்டோ எடுக்கறியா? சட்டை மாத்திக்கவா?" என்றார் அண்ணன்.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

நான் இடது சக்கரத்தில் இருந்தேன், கோ மியோ வலது சக்கரத்தில். இருவரும் தரையோடு தரையாகப் படுத்து அளந்தோம். ஸ்டியரிங் கம்பியின் முனையிலிருக்கும் நட்டைக் கொஞ்சம் திருப்புவது, வண்டியை முன்னும் பின்னும் தள்ளிச் சக்கரத்தை நிலைக்கு விடுவது, மறுபடி அளப்பது. ஒவ்வொரு முறையும் அண்ணனோடு சேர்த்துத்தான் தள்ளினோம். அவர் ஆடவே இல்லை. "பாருங்க, கல்லைவிட ஒழுங்கா இருக்காரு," என்று கோ மியோ சிரித்தார். நானும் சிரித்தேன். கீழே படுத்திருந்த எங்களுக்கு அவர் முகம் தெரியவில்லை.

இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்தது. கோ மியோ தரையைத் தட்டிக் கூவினார். நான் எழாமலே, "அண்ணே, சரியாயிருச்சு. எறங்குங்க," என்றேன். அவர் இறங்கவில்லை. தூங்குவதுபோல் நடித்து எங்களை ஏமாற்றுவது அவர் வழக்கம். "நடிச்சது போதும் அண்ணே," என்றேன்.

தேநீரோடு வந்த அம்மா படியிலேயே நின்றுவிட்டார்.

"டேய்... அவன் வாயப் பாருடா."

அதற்கு மேல் அந்த மதியத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அவருடைய கையைப் பிடித்தபோது வெயிலில் காய்ந்த இருக்கையின் சூடு அதில் இருந்தது. உயிர் இருக்கிறது என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரிவரை அப்படித்தான் நினைத்தேன்.

மருத்துவர் இருதயம் என்றார். காலையில் வந்த எரிச்சலே அதுதான் என்றார். கல்லை வைத்துவிட்டு இவர் வீட்டுக்குள் படுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். கட்டிலில் நடந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தோ என்னவோ, என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார். அவர் சொன்னதை இங்கே அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். தமிழ் வாசிக்க வராத தம்பி தங்கைகளுக்கு இந்த இடத்தை யாராவது பர்மியத்தில் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கருமாதி அன்று நடந்ததால்தான். அண்ணனுக்காக நான் என் கையால் கல் ஊன்றினேன். அதைப் பார்த்ததும், "கல்லு வைக்கிறது கருமாதிக்குன்னு அன்னைக்கே என் வாயால சொன்னேனேடா" என்று அம்மா போட்ட சத்தம் வந்திருந்த எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகு பந்தலில் பேசியது எனக்கும் கேட்டது. "உசுரோட இருக்கற புள்ளைய வெச்சுக்கிட்டு கருமாதின்னு சொல்லலாமா? சொன்ன வாய் பலிச்சிருச்சு பாத்தியா." இன்னொருவர், "கல்லு வைக்க விட்டிருந்தா புள்ள நிழல்ல படுத்திருக்கும்ல," என்றார். யார் என்று எழுத மாட்டேன். கெட்ட மனதோடு சொன்னதாகவும் நினைக்கவில்லை. ஆனால் அது அம்மாவின் காதில் விழுந்தது. அம்மா அதை நம்பிவிட்டார்.

அன்று முதல் அம்மா நாளைக்கு நடக்கப்போவது எதையும் வாயால் சொல்வதில்லை. மழை வரும் என்றுகூடச் சொல்வதில்லை. "போயிட்டு வா" என்று என்னை அனுப்புவதில்லை, தலையை மட்டும் அசைக்கிறார். கோ மியோவுக்கு மகள் பிறந்து தூக்கிக்கொண்டு வந்தபோது, குழந்தையைத் தொட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்துச் சேரப் போன காலையில் காலில் விழுந்தேன். என் தலையில் கையை வைத்தார். "நல்லா இரு" என்ற வார்த்தை வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போனேன். ஒரு வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேர் போனது போல இருக்கிறது.

கார் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. உடைத்துப் போடு என்கிறார்கள் சிலர், விற்றுவிடு என்கிறார்கள் சிலர். ஸ்டியரிங்கில் கட்டிய கயிற்றை நாங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. அம்மா சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

அன்று நெரிசலில் முன்னால் ஓடி வழி விலக்கிவிட்ட தெருக்காரர்களுக்கும், வண்டி அனுப்பிய இறுதிச்சேவை அன்பர்களுக்கும், காரியம் முடியும்வரை சமைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு பர்மியக் குடும்பத்துக்கும், வாடகைக்கு ஓடாமல் வந்து வரிசையாக நின்ற சூலே டாக்ஸி நண்பர்களுக்கும், தம்பி ஸ்தானத்தில் என்னோடு நின்று தலையை மழித்துக்கொண்ட கோ மியோவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் இருந்திருந்தால் உங்கள் ஒவ்வொருவரையும் வீடுவரை கொண்டுபோய் இறக்கிவிட்டிருப்பார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அம்மாவிடம் ஆறுதல் சொல்ல வேண்டாம். உங்கள் பிள்ளைகளை அழைத்துப்போய் அம்மாவின் காலில் விழச் சொல்லுங்கள். நீங்களும் விழுங்கள். ஆசீர்வாதம் கேளுங்கள். அம்மா கையை வைப்பார். அத்தோடு எழுந்துவிடாதீர்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லும்வரை அப்படியே இருங்கள்.