நாடா வைக்காத மஞ்சள் ஜப்லா

எஸ்தர் அக்கா போய்விட்டார். நேற்று சாயங்காலம், பெருங்களத்தூரில் மகள் ஜெனி வீட்டில், டீ கேட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தவர்... அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் குரோம்பேட்டையில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் பக்கத்து போர்ஷன். நடுவில் ஒரே ஒரு சுவர்.

டெலிபோன் ஆபரேட்டர் வேலை. நாள் முழுக்க ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். நேராகத் தையல் மெஷின்தான்.

மெஷின் இருந்தது மாடிப்படிக்குக் கீழே. ஹவுஸ் ஓனர் உடைந்த சைக்கிளும் காலி சிமென்ட் சாக்கும் போட்டு வைத்திருந்த பொந்து அது. கெஞ்சிக் கேட்டு வாங்கி, எங்கேயோ மிச்சமிருந்த நீல டிஸ்டெம்பரை அவரே அடித்தார்.

பழைய வாயில் புடவையில் ஒரு திரை. ஊறுகாய் பாட்டில்களில் கலர் கலராகப் பட்டன். படிக்கட்டின் அடிச்சரிவில் ஆணி ஆணியாக அடித்து நூல்கண்டுகள். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய கட்பீஸ் எல்லாம் ஒரு பிரம்புக் கூடையில்.

நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனாலும் அந்தக் காம்பவுண்டிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

"என்னக்கா, அரண்மனை மாதிரி பண்ணிட்டீங்க" என்றால், "அரண்மனைன்னா குனிஞ்சுதான் வரணும், வாடி" என்பார்.

எங்கள் வீட்டுக்கு டிவி வந்த வாரம் அதற்கு ஃப்ரில் வைத்து ஒரு கவர் தைத்துக் கொடுத்தார். ஃப்ரில் நீளமாகிப் போய், செய்தி வாசிக்கிறவர்களுக்கெல்லாம் நெற்றியே இல்லாமல் போனது. என் கணவர் கிண்டல் செய்ததற்கு, "நெத்திய பாத்தா நியூஸ் மாறிடப் போவுதா?" என்று கேட்டாரே தவிர, கடைசிவரை அதை வெட்டிக் கொடுக்கவில்லை.

ஆனால் அக்கா பேர் வாங்கியது ஜப்லாவில். கைக்குழந்தைக்குப் போட்டு, முதுகுப் பக்கம் நாடாவால் கட்டுவோமே, அந்தக் குட்டிச் சட்டை.

குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்குப் புதுத் துணி தைத்து வைக்கக் கூடாது என்பார்கள் இல்லையா... அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எல்லாம் தைத்து முடித்துவிடுவார், நாடாவை மட்டும் வைக்க மாட்டார்.

"நாடா இல்லன்னா அது சட்டையே இல்ல, வெறும் துணி. துணி தச்சா என்ன தப்பு?"

ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது தகவல் கொண்டு வந்தால், ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்க மாட்டார். "அழுதுச்சா?" என்று மட்டும் கேட்பார். அழுதது என்று சொன்ன பிறகுதான் நாடாவை எடுப்பார். படிக்கட்டுக்கு அடியிலிருந்து கடகடவென்று மெஷின் சத்தம் வந்தால் காம்பவுண்டுக்கே புரிந்துவிடும்.

எனக்கும் ஒன்று தைத்தார். மஞ்சள் மல் துணி.

ஏழாம் மாதம், திரைக்குப் பின்னால் நின்று அதை என் வயிற்றின் மேல் விரித்துப் பார்த்துச் சிரித்தேன். அக்கா வெடுக்கென்று பிடுங்கி மெஷின் டிராயரில் போட்டு மூடினார்.

எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தாள்.

என் கணவர் வீட்டுக்குப் போய்த் தகவல் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

நான் திரும்பி வந்த அன்று என் மாமியார் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரியே சொன்னார். "முன்னாடியே தச்சு வெச்சா இப்படித்தான் ஆவும்."

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து வாசலில் நின்றார். அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று எல்லோரும் சொன்னதை அவர் சொல்லவில்லை. "அழுதாளா?" என்றார்.

"அழுதாக்கா... ஒரே தடவ. நல்லா சத்தமா."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் சுவரோரமாகவே படுத்திருந்தேன். மெஷின் ஓடவில்லை. அன்றைக்கும் இல்லை, அந்த வாரம் முழுக்கவும் இல்லை.

உங்களால் இல்லை என்று பிறகு எத்தனையோ முறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். "சரிடி" என்பார். ஆனால் அதற்கப்புறம் யார் கேட்டும் அவர் ஜப்லா தைக்கவில்லை. தலையணை உறை, மிக்ஸி கவர், பாவாடை... அதோடு சரி. என் பையன் பிறந்தபோதுகூடக் கடையில் வாங்கித்தான் கொண்டு வந்தார்.

அங்கிருந்து வீடு மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்றைக்கும் தெருவில் போகும்போது எந்த வீட்டிலாவது தையல் மெஷின் ஓடினால் என் கால் நின்றுவிடுகிறது. சத்தம் நிற்கும்வரை அங்கிருந்து நகர முடிவதில்லை.

இன்று காலை பெருங்களத்தூர் போனேன். ஜெனி என்னை உள் அறைக்குக் கூட்டிப் போனாள். அதே மெஷின். டிராயரை இழுத்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ஆன்ட்டி, இது எப்பவும் டிராயர்லயே இருக்கும். சின்ன வயசுல என்னுதான்னு கேட்டேன். 'உன்னுது இல்ல, பக்கத்து வீட்டுப் பாப்பாவுது'ன்னாங்க."

மஞ்சள் ஜப்லா. நாடா வைத்திருந்தது.

மெஷின் தையல் இல்லை... பொடிப் பொடியாகக் கைத்தையல். மெஷினை ஓட்டியிருந்தால் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டிருக்கும்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். என் மகள் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

ஜெனியிடம் கேட்டுவிட்டு, பெட்டியை மூடுவதற்கு முன்னால் அதை அக்காவின் கைக்கு அடியில் வைத்தேன்.

போயிட்டு வாங்கக்கா. அவள பாத்தா போட்டு விடுங்க... நாடாவ ரொம்ப இறுக்கிக் கட்டாதீங்க.