கேனில் வந்த சீம்பால்

பால் சேகரிப்பு மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருவருடைய மாடு பறிபோகப் பார்த்தது. முதுகலைத் தமிழுக்கு இடம் கிடைக்கும்வரை கீழ்வேளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பால் பரிசோதகராக இருந்தேன். அந்த வேலைக்கு இனி வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நிறுவனம் கடனில் மாடு தரும். கறக்கும் பால் முழுவதையும் நிறுவனத்துக்கே ஊற்ற வேண்டும். தரம் கெட்டாலோ, வெளியே கொடுத்தாலோ மாட்டை ஓட்டிச் சென்றுவிடுவார்கள். இதுவே ஒப்பந்தம்.

அன்று காலை மாரியம்மாள் கொண்டுவந்த பாலில், அடர்த்தியை அளக்கும் லேக்டோமீட்டர் மூழ்க மறுத்து நின்றது. டெஸ்ட் டியூபில் சூடாக்கினேன், கட்டியாகிவிட்டது. சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த கள அலுவலர் ராஜேந்திரன் முகம் சிவந்தார்.

"என்னம்மா கலந்தே? மைதாவா?"

"ஐயோ, சீம்பால் சார். நேத்துதான் கன்னு போட்டுச்சு."

வரிசை சிரித்தது. "சீம்பாலை யாராச்சும் கம்பெனிக்கு ஊத்துவாங்களா அக்கா? பக்கத்து வீட்டுக்குல்ல குடுக்கணும்!" என்றார் பின்னால் நின்றவர்.

"குடுத்தா மாட்டை ஓட்டிட்டுப் போயிடுவாங்களே! ஒரு மரக்கா நெல்லை ஒளிச்சாருன்னு பழி போட்டுத்தான் எங்கப்பாவைக் குத்தகை நிலத்தைவிட்டு எறக்குனாங்க. நான் ஒரு சொட்டுகூட ஒளிக்க மாட்டேன்."

ராஜேந்திரன் ஒப்பந்தத்தை இருமுறை படித்தார். "கொண்டுவந்தா தரக்குறைவு. வெளியே குடுத்தா மீறல். ரெண்டுக்கும் மாட்டை எடுக்கணும்மா."

"அப்ப நீங்களே வந்து, ஒரு வாரம் சுரக்காதேன்னு மாட்டுக்கிட்ட சொல்லிட்டுப் போங்க சார்."

அவர் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசினார். பாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாதிரியுடன் அறிக்கை அனுப்பச் சொன்னார்கள். மாரியம்மாள் கேனை அடுத்த டீக்கடைக்குத் தூக்கிப் போய், வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்து வந்தார். வரிசைக்கெல்லாம் துண்டு போட்டுக் கொடுத்தார்.

"இங்க நீங்களும் பக்கத்து வீடுதான் சார். சாப்பிடுங்க."

ராஜேந்திரன் தயங்கி ஒரு துண்டு எடுத்தார். தயங்காமல் இரண்டாவது எடுத்தார். தட்டு காலியானதும், நான் எடுத்துவைத்திருந்த மாதிரிக் குப்பியைத் தாமே எடுத்து, "இதையும் வேகவச்சுடும்மா" என்று மாரியம்மாளிடம் நீட்டினார்.

அறிக்கையை என்னை எழுதச் சொன்னார். 'கன்று ஈன்ற முதல் வாரப் பால் கலப்படமன்று, நிறுவனத்துக்கு ஏற்றதுமன்று. அதனை விவசாயியிடமே விட்டுவிட விதி வேண்டும்' என்று எழுதினேன்.

"மாதிரி எங்கேன்னு கேப்பாங்களே சார்?"

"பரிசோதனையில தீர்ந்துடுச்சுன்னு போடும்மா."

பொய்யில்லை என்பதால் போட்டேன்.

விதி திருத்தப்பட்டது, மாடு மாரியம்மாளின் கொட்டிலிலேயே நின்றது. ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பவரே அதன் குழியில் முதலில் விழுகிறார். அவரைத் தண்டிக்குமுன் விதியைப் பரிசோதியுங்கள். ராஜேந்திரன் இதைத் தீவிரமாகவே கற்றுக்கொண்டார். அதன்பின் அவ்வட்டாரத்தில் எந்த மாடு கன்று ஈன்றாலும், நேரில் சென்று ஆய்வு செய்யும் பொறுப்பை அவர் வேறு எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.