மீட்டர் கணக்கைக் கூட்டிச் சொன்ன பெண்

போன வருடம் ஆவணி மாதம். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பழைய ஜீப் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நானும் என் வீட்டுக்காரரும் பார்க்கப் போனோம். சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு நாட்டுக்கோழிப் பண்ணை. தார் ரோட்டிலிருந்து பண்ணைக்குப் போக இருபுறமும் வேலி போட்ட ஓர் இட்டேரிதான் வழி. ஒரு மழை பெய்தால் போதும், அந்த மண் தடம் அரைத்த மாவு மாதிரி குழைந்துவிடும். நோய் வந்து கோழிகளெல்லாம் போன பிறகு, கொட்டகை ஒரு வருடமாகக் காலியாகக் கிடந்தது. மறுபடி குஞ்சு விடலாம் என்று அவர் ஆரம்பித்ததும், “மொதல்ல அந்தத் தடத்துல போற மாதிரி ஒரு வண்டி வாங்குங்க, அப்புறம் குஞ்சைப் பத்திப் பேசலாம்” என்று நான் ஒரே பிடியாக நின்றுவிட்டேன். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் அதற்குச் சரிப்படும். புதிதாக வாங்க நமக்கேது வசதி?

ஜீப்பை விற்றது ஒரு பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவரும் அவர் கணவரும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்து வடக்கே பல மாநிலங்களில் தொழில் செய்தவர்கள். ரிக் லாரிக்கு முன்னால் இந்த ஜீப்பை ஓட்டிப் போய், பாதை தாங்குமா, காட்டுக்குள் லாரி இறங்குமா என்று பார்த்துச் சொல்வது இவர் வேலையாம். கேட்டதுமே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. மகளின் படிப்புக்காக ரிக்கை விற்றுவிட்டு ஊரோடு வந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் காட்டியது.

அந்தப் பெண் சிரித்தார். “இதுல பாதி வருசம் மீட்டர் ஓடலைங்க. அதையும் சேத்திக்கோங்க.”

பழைய வண்டி விற்கிறவர்கள் மீட்டரைக் குறைத்து வைப்பார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். கூட்டிச் சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதோடு விட்டாரா? கூரைப் படுதாவில் எங்கே ஒழுகும், காலையில் கிளம்ப எவ்வளவு நேரம் அடம்பிடிக்கும் என்று அவராகவே ஒவ்வொரு குறையாகச் சொல்லிக்கொண்டே போனார். விற்க வந்தவரா, விரட்ட வந்தவரா என்றே எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வண்டியை நாங்கள் சோதித்துப் பார்ப்பதற்குப் பதில், அவர் எங்களைச் சோதித்தார். பக்கத்தில் வறண்டு கிடந்த ஆற்று மணலுக்கு அழைத்துப் போய், ஃபோர் வீல் லிவரைப் போட்டுக் கொடுத்து, “ஓட்டுங்க” என்றார். என் வீட்டுக்காரர் ஆக்சிலேட்டரை ஏறி மிதித்தார். வண்டி உறுமியது, மணலை வாரி இறைத்தது, அங்கேயே நின்றது.

“ஏனுங்ணா அதை மெரட்டறீங்க? மெதுவா உடுங்க, அதுபாட்டுக்குப் போவும்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்க ஓட்ட மாட்டீங்களா?”

லைசென்ஸ் வாங்கி ஓட்டாமலே கிடந்தவள் நான். பயந்து பயந்துதான் உட்கார்ந்தேன். மெதுவாக விட்டேன், ஜீப் நகர்ந்து மேலே ஏறியது. “அக்கா ஓட்டறதுன்னா குடுக்கறனுங்க” என்று அவர் சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வண்டி வீட்டுக்கு வந்தது. ஆயுத பூஜை நெருங்கியதும் என் வீட்டுக்காரருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் பக்கம் லாரியென்றால் ஒரு அங்குலம் விடாமல் படம் போட்டுவிடுவார்கள். அதேபோல் ஜீப்பையும் லாரி பெயின்டரிடம் கொண்டுபோய் விட்டு, கதவில் மயில், பின்னால் கிளி, முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தாமரைப்பூ என்று கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். நானும் வாயைப் பிளந்து பார்த்தேன், பொய் சொல்வானேன்.

ஐப்பசியில் குஞ்சு வந்த அன்று விடாத மழை. குஞ்சு கொண்டுவந்த வேன் இட்டேரியைப் பார்த்ததும் இறங்க மாட்டேன் என்றுவிட்டது. தார் ரோட்டிலேயே பெட்டிகளை ஜீப்புக்கு மாற்றினோம். பொரித்து ஒருநாள்கூட முழுதாக ஆகாத குஞ்சுகள். கொட்டகையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது, வெல்லத் தண்ணீர் தயாராக இருந்தது. கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாக்கி. நான் லிவரைப் போட்டேன், மெதுவாகத்தான் விட்டேன். பாதித் தடத்தில் பின் சக்கரம் வழுக்கிச் சுற்ற, வண்டி அப்படியே குழிக்குள் உட்கார்ந்துவிட்டது. முன் சக்கரம் அசையவே இல்லை.

படுதா ஒழுகிப் பெட்டிகள் நனைய ஆரம்பித்தன. தார்ப்பாயை எடுத்து மூடினேன், போதவில்லை. குஞ்சுகள் கத்தும்வரை கவலையில்லை, சத்தம் குறைந்தால்தான் ஆபத்து. குறைந்துகொண்டே வந்தது. “பெட்டியச் சுமந்தே போயிரலாமா புள்ள?” என்றார் என் வீட்டுக்காரர். அந்த மழையில் சுமந்தால் கொட்டகைக்குப் போவதற்குள் எல்லாம் விறைத்துவிடும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்தப் பெண்ணைத்தான் போனில் கூப்பிட்டேன்.

அவர் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார், மேளச்சத்தம் காதைப் பிளந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார்.

“அக்கா, முன் சக்கரத்து நடுவுல ஒரு குமிழ் இருக்குமே, அது லாக்குல இருக்குதுங்களா?”

“குமிழா? அங்க தாமரைப்பூவுதான் அம்மணி இருக்குது!”

“அய்யோ, அதுக்கு மேலயா பெயின்ட் அடிச்சீங்க?”

அப்புறம்தான் எங்களுக்கு விளங்கியது. அந்தக் குமிழைத் திருப்பிப் பூட்டினால்தான் முன் சக்கரம் இழுக்குமாம். அது இல்லாமல் உள்ளே லிவரைப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. பூ நேராக வரட்டும் என்று பெயின்டர் அதைத் திருப்பி வைத்து, மேலே அழகாகப் பூசி அடைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் சேற்றில் மண்டியிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் தான் ஆசையாகப் போட்ட பூவைத் தானே சுரண்டினார். அந்தப் பெண் சொல்லச் சொல்ல, கட்டிங் பிளேயரால் பிடித்து ஒரு பக்கம் திருப்பினார். மறு பக்கமும் முனகிக்கொண்டே திரும்பியது.

“இப்ப உடுங்கக்கா. மெதுவா. நான் லைன்லயே இருக்கறனுங்க.”

முன் சக்கரம் மண்ணைக் கவ்வியது. ஜீப் ஆடி அசைந்து மேலே ஏறியது. “ஏறிருச்சு அம்மணி!” என்று நான் போட்ட சத்தத்தில் மேளமே தோற்றிருக்கும். கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்து பல்புக்கு அடியில் குஞ்சுகளை விடும்வரை அவர் போனை வைக்கவில்லை. சிலது போய்விட்டன. மற்றதெல்லாம் சூடு பட்டதும் மெல்ல மெல்லக் கத்த ஆரம்பித்தன.

மறுநாள் காலையில் இட்டேரியில் யாரோ செருப்பைக் கையில் பிடித்தபடி சேற்றில் நடந்து வருவது தெரிந்தது. அவரேதான். பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். வந்ததும் ஜீப்பைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. “குஞ்சுக எப்படிங்கக்கா இருக்குது?” என்று நேராகக் கொட்டகைக்குள் போனார். குனிந்து பார்த்து மனசு ஆறிய பிறகுதான், பையிலிருந்து மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் எடுத்து, இரண்டு குமிழையும் பளிச்சென்று துடைத்து, என் கையாலேயே திருப்பிப் பார்க்க வைத்தார்.

“வித்த வண்டிக்கு இவ்வளவு தூரம் வரோணுமா அம்மணி?” என்றேன்.

“நான் எப்பவும் பூட்டியேதானுங்க வெச்சிருப்பேன். அதனால சொல்லோணும்னே தோணலை. ஒழுகறதெல்லாம் சொன்னவ இதைச் சொல்லாம உட்டுட்டேனே, ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவர்களே கண்டுகொள்ளாத காலத்தில் இப்படியும் ஒருத்தியா!

இப்போது நாங்கள் வளர்த்த கோழிகளைப் பல ஊர்க்காரர்கள் வளர்ப்புக்கு வாங்கிப் போகிறார்கள். ஒரு வாரம் கழித்து நானே போன் போட்டு, தீனி எடுக்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்கிறேன். எதற்குக் கூப்பிடுகிறேன் என்று புரியாமல் சிலர் முதலில் திகைத்துப்போகிறார்கள். ஒரு பொருளைக் கொடுத்தவருக்கு அதன்பிறகும் அதன்மேல் அக்கறை இருக்கலாம் என்று செருப்பைக் கையில் பிடித்துச் சேற்றில் நடந்து வந்து எனக்குக் காட்டியவரை அவர்கள் பார்த்ததில்லை, பாவம்.