இத்தாலிக்கு நான் போட்ட பாதை

பிராங்பேர்ட் அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் சிவம் அண்ணை. விசா கிடைத்ததும் பழைய கார் ஒன்று வாங்கினார்.

"இத்தாலிக்குப் போவம். பாதையை நீ பார்," என்றார்.

நாட்டுக்குப் புதிதான நான், குளிர்காலம் முழுக்க வரைபடத்தை விரித்து வைத்து வெரோனா, வெனிஸ், திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் குறித்தேன்.

புறப்படும் காலை புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு இறங்கினால், என் சீட்டில் அவருடைய மச்சான் இருந்தான்.

"உன்ர அகதிப் பத்திரத்தோட எல்லை தாண்ட ஏலாது, தம்பி," என்றார் சிவம் அண்ணை.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதலே தெரியும். சொல்லியிருந்தா நீ பாதை பாத்திருப்பியோ?"

காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"வெனிஸில காரை எங்க விடுறது?"

கேட்டதும் என் வாய் தானாகச் சொல்லிக்கொடுத்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது அதை நினைத்துத்தான்.