மஞ்சள் குளித்த நிலை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் அனிதாவின் மரப்பட்டறை இருக்கிறது. லாரி பாடி கட்டும் இடத்தில் பில் போட்டுக்கொண்டிருந்தவர், மரவேலையில் ஆசை வந்து சொந்தமாகக் கதவு, ஜன்னல் செய்ய இறங்கினார். முதல் வாசல் கதவை வேப்பமரத்தில் செய்தார். உள்ளே ஈரம் காயாத மரம். கோடையில் முறுக்கிக்கொண்டது. மேல்முனை நிலையைத் தொட்டால் கீழ்முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரர் கயிறு கட்டி இழுத்துத்தான் சாத்தினார். ஊர் பெயர் வைத்துவிட்டது: 'கயித்துக்கதவு அனிதா'.

அந்தப் பெயரை உதிர்க்கத்தான் இத்தனை பாடு. அறுத்த பலகைகளுக்கு நடுவே ரீப்பர் எனப்படும் மெல்லிய கட்டைகள் கொடுத்து, எல்லாப் பக்கமும் காற்று போகும்படி அடுக்குவார். வெட்டுமுனை மட்டும் முந்திக் காய்ந்து வெடிக்காமலிருக்கப் பெயிண்ட் அடிப்பார். ஈரம் அளக்கும் மீட்டர் எப்போதும் கைப்பையில் இருக்கும். அதன் இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் எண் காட்டும். பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்காத மரத்தில் உளி வைக்கமாட்டார்.

முட்டை வியாபாரி குழந்தைவேல் கட்டும் வீட்டுக்கு வேங்கையில் வாசல் நிலை செய்துகொடுத்தார். நல்ல நாள் பார்த்து, பூசை போட்டு நிறுத்தினார்கள். மறுநாள் காலை, நிலை சாயாமல் நிற்கிறதா என்று பார்க்கப் போன அனிதா பழக்கதோஷத்தில் மீட்டர் ஊசியைக் குத்தினார். இருபத்தெட்டு. நிலையின் இன்னொரு காலில் முப்பது.

ஊசியைத் துடைத்து மறுபடியும் குத்தினார். அதே எண்தான். பூசை போட்டு நிறுத்திய நிலையைப் பிடுங்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள். விட்டுவைத்தால் காய்ந்து கோணும், கதவு சேராது. மறுபடியும் கயிறு.

கொத்தனார் மணியன் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, கயிறு வாங்கியாரட்டுங்களா?"

"வெளையாடாதீங்க. பட்டறைல பன்னெண்டுதானுங்க இருந்துச்சு. இப்பப் பச்சை மரமாட்டக் காட்டுது."

குழந்தைவேலின் அம்மா ஆராயி குடத்தோடு வந்தார். "ஏஞ்சாமி, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"நிலை ஈரமா இருக்குதுங்கம்மா."

"இருக்காம என்ன பண்ணும்? இன்னிக்கு வெடியால நாந்தான் தண்ணி வாத்தேன். நேத்துப் பூசுன மஞ்ச வெளுத்துப்போச்சு. மஞ்சளக் கரைச்சு, கண்ணு படாம இருக்க ஒரு கை உப்பும் போட்டு, நல்லா ஊத்தி உட்டேன்."

மேலே உப்புத்தண்ணீர் பட்டிருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும், மீட்டர் எண்ணைக் கூட்டித்தான் காட்டும். அனிதா சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். செங்கலுக்குள் மறையப்போகும் பக்கம் அது. மஞ்சளும் இல்லை, தண்ணீரும் படவில்லை. குத்தினார். பன்னிரண்டு. நம்பாமல் டிரில்லரில் இரண்டு சின்ன ஓட்டை போட்டு ஆழத்தில் அளந்தார். பன்னிரண்டேதான்.

அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்து சிரித்தார்.

"அப்பக் கயிறு வேண்டாங்களா?" என்றார் மணியன்.

"வாங்கியாங்க. உங்க வாயக் கட்டறதுக்கு ஆகுமுங்க."

ஆராயி குடத்தைத் தூக்கினார். "நாளைக்கும் ஊத்தலாமா சாமி?"

"ஐயோ அம்மா, பொட்டு மட்டும் வெய்யுங்க. ஊத்தாதீங்க!"

வீடு முடிந்து கதவு மாட்டிய அன்று ஆராயி ஒற்றை விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் போய் நிலையில் பொருந்திக்கொண்டது. மணியன் மேலும் கீழும் குனிந்து பார்த்தார். சந்து தெரியவில்லை.

"இனி உங்கள என்னன்னுங்க கூப்படறது?"

"அனிதான்னு கூப்படுங்க. போதும்."