நாக்கை மீட்கப் போலந்து மலைக்குப் போன கதை

போன செப்டம்பரில் போலந்து மலையில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தேன். போனது ஊர் பார்க்க அல்ல, சாப்பிட. பத்தாவதோடு படிப்பை மூட்டை கட்டியவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தி.நகரில் எனக்கொரு சின்ன மெஸ். சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து உப்பு, புளி சொல்வதுதான் என் உத்தியோகம். கோடையில் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. உப்பை இரண்டு முறை போட்டேன்; வாடிக்கைக்காரர்கள் பாதியில் இலையை மூடினார்கள். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். இதைக் கேட்க அடையாறு வரை ஆட்டோ! மெஸ்ஸை எடுத்து நடத்த ஒருவர் தயாராக இருந்தார். போலந்தில், கிராகோ நகரத்தில் வேலை பார்க்கும் மகள் காவ்யாதான், பழக்கமில்லாத சாப்பாடு நாக்கை எழுப்பினாலும் எழுப்பும் என்று டிக்கெட் அனுப்பினாள்.

கிராகோவிலிருந்து ஸாகோபானே என்ற மலையூருக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், ஆளுக்கு 35 ஸ்லோட்டி, நம் காசில் எண்ணூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய. இறங்கியதும் ஜூரெக் சாப்பிட்டோம். மாவைப் புளிக்க வைத்துச் செய்யும் சூப், 24 ஸ்லோட்டி. மூன்றாவது ஸ்பூனில் நாக்கோரம் சுரீரென்றது. புளிப்பு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காவ்யா உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நெசமாவா? இரு, மெஸ் கேட்ட ஆளுக்கு இல்லன்னு சொல்லிடறேன்" என்றாள் என் மனைவி சாந்தி. சொல்லியும்விட்டாள்.

அடுத்த நாள் தின்று தீர்த்தேன். பியரோகி என்பது உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை. ஓஸ்சிபெக் என்பது புகையில் வாட்டிய ஆட்டுப்பால் சீஸ், கடித்தால் பல்லில் கீச்சென்கிறது. தெரியுதா, தெரியுதா என்று காவ்யா நச்சரித்தாள். லேசா என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் மலையிலிருந்து இறங்கும்போது மழை. மரத்தால் கட்டிய ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினோம். பூவேலை செய்த வெள்ளைக் கம்பளிக் கால்சட்டையில் இருவர் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். காவ்யா கை கழுவப் போன நேரத்தில், மெனுவில் டீ மாதிரித் தெரிந்த வரியைக் காட்டி நானே ஆர்டர் செய்தேன். வந்தது, குடித்தேன். அவள் திரும்பியதும் இஞ்சி கொஞ்சம் தூக்கல் என்றேன். கிளாஸை எடுத்து முகர்ந்தவள் முகம் செத்துவிட்டது.

"அப்பா, இது மலைக்காரங்க டீ. பாதி சாராயம். உனக்கு வாசனயே வரலியா?"

பக்கத்து வீட்டில் பாட்டில் திறந்தாலே மூக்கைப் பொத்துகிறவன் நான்.

"அப்போ அந்த சூப்பு?" என்றாள்.

"சூட்டத்தான் புளிப்புன்னு நெனச்சுக்கினேன் போலம்மா."

அவள் அம்மாவுக்கு மறுபடி போன் போட்டாள். பிடில்காரர்கள் நிறுத்தவில்லை.

சாந்தி அந்த ஆளை மறுபடி கூப்பிட்டபோது, அவர் கே.கே. நகரில் வேறு இடம் பிடித்திருந்தார். திரும்பி வந்து ஒரு மாதம் தள்ளிப் பார்த்தோம். பிறகு மெஸ்ஸை மூடிவிட்டேன். இப்போது பகலெல்லாம் வீட்டில், சாந்தி போடுவதைப் பார்த்து நிறத்தை வைத்து இது ரசம் என்று கண்டுபிடிக்கிறேன்.

போகிறவர்களுக்கு: பஸ் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். சைவம் என்றால் பியரோகிமேல் பன்றிக்கொழுப்பு தூவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். டீ கேட்கும்போது ஜாக்கிரதை. ஓஸ்சிபெக்கைத் தணலில் வாட்டி, சிவப்புப் பழ ஜாமோடு தருவார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் யாராவது கீழே எழுதுங்கள். புகை தூக்கலா, உப்பு தூக்கலா? நான் ஆறு துண்டு தின்றேன், எனக்குத் தெரியாது.