மெர்ல் ஹாஸ்கிங் அழிச்ச ஆயிரத்து நூத்தி எம்பத்தி மூணு பேரு

மெர்ல் ஹாஸ்கிங் எங்க ஊரு ரெக்கார்டைத் தூக்கி டண்டாரின் ஊருக்குத் தாரை வார்த்துக் குடுத்ததுக்குக் காரணம் காதல்னு ஒரு பேச்சு ஓடுது. கறிக்கடையில கேட்டேன், பப்புல கேட்டேன், சர்ச் வாசல்லயும் கேட்டேன். டண்டாரின் மைதானத்துக் கேட்ல உக்காந்திருந்த வெர்ன் ஸ்கல்லிக்கும் இந்தம்மாவுக்கும் இளவயசுலேருந்தே தொடுப்பாம். பொய் சொல்லுவானேன், நானும் நாலு பேர்கிட்ட கொஞ்சம் காரம் சேர்த்துச் சொல்லியிருக்கேன். ஆனா அன்னிக்கு அந்த ஹால்ல நான் இருந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன், கேட்டுக்கங்க.

எங்க யாரம்பீன் ஃபுட்டி கிளப்புல, அதான் ஆஸ்திரேலியாக்காரங்க ஆடுற ஃபுட்பால் கிளப்புல, கண்ணாடி அலமாரின்னு ஒண்ணு உண்டு. உள்ள கப்புன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, ஜெயிச்சாத்தானே? எங்களுக்கு இருந்ததெல்லாம் அலமாரிக்கு மேல தொங்குற ஒரு பலகை. 'ஃபைனல், 1962, கூட்டம் 7,114.' எழுபதாம் வருஷம் மெல்போர்ன்ல ஒரு ஃபைனலுக்கு லட்சத்து இருபத்தோராயிரம் பேரு கூடினாங்க, அது அவங்க பெருமை. எங்க லீக்ல எட்டு ஊரு. எந்த ஊரு மைதானமும் எங்க ஏழாயிரத்து நூத்திப் பதினாலை நெருங்கினதில்ல. டண்டாரின்காரன் எங்களை நூறு பாயிண்ட்டு வித்தியாசத்துல அடிச்சுட்டு வெளிய வருவான், நாங்க பலகையைக் காட்டி, "உங்க ஊர்ல ஆட்டம் பாக்க ஆடுதான்டா வருது"ன்னு சொல்லுவோம். அவன் மூஞ்சி அப்படியே சுருங்கிடும்.

அந்த 1962 கூட்டத்தை எண்ணினது மெர்ல்தான். அப்ப பத்தொம்பது வயசு. கேட்டைப் பாத்துக்கிட்டிருந்த அவங்கப்பா காலை ஒடைச்சுக்கிட்டாரு, மகளை அனுப்பிவிட்டாரு. அன்னிக்கு உக்காந்தது, அம்பது வருஷமா எந்திரிக்கல. பகல்ல தபாலாபீஸ் வேலை, சனிக்கிழமையானா மைதானத்துக் கேட்ல ஒரு நாற்காலி, மடியில ஒரு கம்பளி, கையில எண்ணுற மெஷின். ஒரு அமுக்கு, ஒரு ஆளு. மெர்ல் ஏமாந்து நான் பாத்ததில்ல. கார் டிக்கியில ஒளிஞ்சு வர்றவனை, காரோட பின்பக்கம் தாழ்றதை வெச்சே பிடிச்சுடும். புருஷன் லெஸ் ஒரு தடவை பாஸை வீட்ல மறந்துட்டு வந்துட்டாரு. "எடுத்துட்டு வா"ன்னு திருப்பி அனுப்பிடுச்சு, ஒம்பது கிலோமீட்டர். அந்தாளு பொறுமைசாலி, போயிட்டு வந்தாரு. இப்ப அவரும் இல்ல.

போன வருஷம் கமிட்டி கூடி, அம்பது வருஷம் ஆச்சு, கேட்டுக்கு மெர்ல் பேரையே வைக்கலாம்னு முடிவு பண்ணுச்சு. பித்தளைத் தகடு ஒண்ணு அடிச்சாங்க. மேல பெருசா 'மெர்ல் ஹாஸ்கிங் கேட்'. அதுக்குக் கீழ 'ரெக்கார்ட் கூட்டமான 7,114 பேரை எண்ணியவர்'. அதைத் திறக்க, ஃபைனல் முடிஞ்ச மறுநாள் ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஹால்ல சாப்பாடு.

அந்த வருஷம் ஃபைனல் டண்டாரின்ல. கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். நம்பர் போட்ட டிக்கெட்டு, ஒரு ஆளு பிசகாம கணக்கு. 6,040. எங்க ரெக்கார்ட் தப்பிச்சுது. லீக்ல இருந்து போன் வந்ததும் எங்க தலைவரு கால் ட்ரெலோர் ஹால் நடுவுல குதிச்சாரு. நூத்தி இருவது கிலோ ஆளு குதிச்சா என்னாகும்? பலகையே ஆடுச்சு.

ஞாயித்துக்கெழமை எரநூறு பேரு உக்காந்திருக்கோம். வறுத்த ஆட்டுக்கறி, பட்டாணி, புதினா சாஸு. தலைவரு கால் எந்திரிச்சு, டண்டாரினை ஒரு பிடி பிடிச்சுட்டு, "நம்ம மெர்ல், ரெண்டு வார்த்தை"ன்னாரு.

அந்தம்மா எந்திரிச்சுச்சு. கைப்பையில இருந்து மஞ்சப் பூத்த ஒரு புஸ்தகத்தை எடுத்துச்சு. அந்த 1962 ஆட்டத்துக்கு ஆட்டக்காரங்க பேரு போட்டு வித்த புஸ்தகம்.

"அந்த நம்பரு தப்பு"ன்னுச்சு.

நாங்க சிரிச்சோம். ஏதோ ஜோக்குன்னு நெனச்சோம்.

"சிரிக்காதீங்க. அன்னிக்கு எனக்கு முத நாளு. அரை ஆட்டம் முடிஞ்சா காசு வாங்கக்கூடாது, எண்ணக்கூடாதுங்கறது இன்னிக்கு எல்லாருக்கும் தெரியும். எனக்கு அப்ப யாரும் சொல்லல. அரை ஆட்டத்துல எவ்வளவுன்னு எழுதி வையின்னு மட்டும் அப்பா சொல்லி அனுப்பிச்சாரு. இந்தா எழுதியிருக்கேன். அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி ஒண்ணு."

எம் பக்கத்துல உக்காந்திருந்த டெனிஸோட முள்கரண்டி பாதி வழியில நின்னுடுச்சு.

"அன்னிக்குப் பீர் லாரி சேத்துல மாட்டிக்கிச்சு, மைதானத்துல ஒரு சொட்டு இல்ல. அரை ஆட்ட மணி அடிச்சதும் ஆம்பளைங்க அம்புட்டுப் பேரும் எதுத்தாப்புல பப்புக்கு ஓடினானுங்க. குடிச்சுட்டுத் திரும்பி வந்தானுங்க. நான் ஒவ்வொருத்தனுக்கும் அமுக்கினேன். ஆயிரத்து நூத்தி எம்பத்தி மூணு தடவை. நீங்க பலகையில எழுதி வெச்சுக் கும்புடுறது குடிகாரனுங்களோட ரெண்டாவது ரவுண்டை."

பத்து வயசுலேருந்து அந்த நம்பரைச் சொல்லி எத்தனை பேர்கிட்ட வாயாடியிருக்கேன்! ஒரு தடவை பல்லு கூட ஒண்ணு போச்சு.

"மெர்ல், உக்காரு"ன்னாரு கால். மூஞ்சி பீட்ரூட்டு. "வெயில்ல வந்திருக்க. தண்ணி குடி."

"மழை பெய்யுது கால்."

"அம்பது வருஷமா சொல்லல, இப்ப எதுக்குச் சொல்ற?"

"சொன்னேனே. அடுத்த வருஷமே உங்கப்பன்கிட்டதான் சொன்னேன். அப்ப அவருதானே தலைவரு? பலகையில பெயிண்டு காஞ்சிடுச்சு, போ புள்ளன்னாரு. அப்ப யாருக்கும் நட்டமில்ல, விட்டுட்டேன். நேத்து டண்டாரின்ல ஆறாயிரத்து நாப்பது பேரு. அது அவனுங்களுக்குச் சேர வேண்டியது."

பின்னாடி இருந்து ஒருத்தன் கத்தினான், "ஏம்மா, டண்டாரின்ல உனக்கு வீடு பாத்தாச்சா?" இன்னொருத்தி, சொன்னா நம்ப மாட்டீங்க, சர்ச்சுல பூ அடுக்குற பாட்ஸி வால்ஷ், வாயில வரக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னா. பாட்ஸி! நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தேன், அவளே தன் வாயைக் கையால பொத்திக்கிட்டு நின்னா.

கால் ட்ரெலோர் மேஜையைச் சுத்தி வந்து, மெர்ல் காதுகிட்டக் குனிஞ்சாரு. நான் ரெண்டடி தள்ளித்தான் இருந்தேன், காது எனக்கு எப்பவும் நல்லாக் கேக்கும்.

"விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. தகடைத் தெறந்துடலாம். உம் பேரு நூறு வருஷம் நிக்கும்."

"எம் பேருக்குக் கீழ அந்த நம்பரு நிக்கும். ரெண்டுல ஒண்ணை எடு கால். நம்பரை எடு, இல்லாட்டி என்னை எடு."

தலைவரு தகட்டு மேல போத்தியிருந்த துணியைச் சுருட்டித் தகட்டோட அக்குள்ல வெச்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு. சாப்பாட்டை யாரும் முடிக்கல. எரநூறு பேரு வறுத்த கறியை அப்படியே விட்டுட்டுப் போனதை எங்க ஊர்ல நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல. மெர்ல் மட்டும் உக்காந்து, தன் தட்டைக் காலி பண்ணிட்டு, சமையக்கட்டுல கொண்டுபோய் வெச்சுச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அந்தம்மாவை ஊரே தள்ளி வெச்ச மாதிரிதான். கறிக்கடையில அதுக்கு முன்னாடி நின்னவன் திரும்பிப் பாக்க மாட்டான். வாசல் தபால் பெட்டியில எவனோ முட்டையை ஒடைச்சு ஊத்திட்டுப் போயிருந்தான். அம்பது வருஷம் தபாலாபீஸ்ல இருந்த பொம்பளையோட தபால் பெட்டியில! லீக்ல இருந்து லெட்டர் வந்துச்சு, ரெக்கார்ட் இனி டண்டாரினுக்குன்னு. எங்க பலகையைக் கழட்டினோம். அங்க சுவத்துல சதுரமா ஒரு வெள்ளை விழுந்து கெடக்கு, பாத்தாலே பகீருங்குது.

இந்தச் சமயத்துலதான் டண்டாரின் கேட்டுக்காரன் வெர்ன் ஸ்கல்லி ஒரு டப்பா லாமிங்டன் கேக்கோட மெர்ல் வீட்டு வாசல்ல வந்து நின்னான். எழுபத்திரண்டு வயசுக் கெழவன், கழுத்துல டை கட்டிக்கிட்டு. நன்றி சொல்ல வந்தானாம். கன்னத்துல ஒரு முத்தம் குடுத்ததை எதுத்த வீட்டு ஜன்னல் பாத்துடுச்சு. அப்புறம் என்ன, சாயங்காலத்துக்குள்ள ஊரே பாத்துடுச்சு.

பிப்ரவரியில தலைவரு கால் என் பட்டறைக்கு வந்தாரு. வெல்டிங், கிரைண்டிங் வேலைதான் நான் பாக்குறது. தகடை மேஜை மேல போட்டாரு.

"நெவ், கீழ் வரியை எடுத்துடு."

"நம்பரையா?"

"பேரையா எடுக்கச் சொல்லுவேன்? கேட்டுக்கு அந்தம்மா வரலேன்னா எவன் எண்ணுவான்? போன வாரம் பிராக்டிஸ் மேட்ச்சுக்கு நான் நின்னேன். நாப்பது பேரு. மூணு தடவை எண்ணினேன், மூணு நம்பரு வந்துச்சு."

கிரைண்டர் வெச்சுத் தேய்ச்சுக் குடுத்தேன். ஏப்ரல் மொத ஆட்டத்தன்னிக்குக் கேட்ல தகடு மாட்டியாச்சு, கீழ பாதி மொட்டையா. மெர்ல் நாற்காலியில உக்காந்திருந்துச்சு, மடியில கம்பளி. என் பாஸை வாங்கிப் பாத்துச்சு, என் மூஞ்சியையும் பாத்துச்சு, அமுக்குச்சு.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏன் மெர்ல், வெர்னுக்காகத்தான் நீங்க அதை விட்டுக் குடுத்தீங்கன்னு ஊரெல்லாம் பேசுறாங்களே?"

"ஊரு பேசல, நீதான் பேசுற. எனக்குத் தெரியும்."

"சரி, நான்தான். நெசமா இல்லையா?"

எனக்குப் பின்னால நின்ன ரெண்டு பேரை எண்ணி உள்ள விட்டுட்டு என்னைப் பாத்துச்சு.

"வெர்ன் முப்பது வருஷமா ஆளை எண்ணாம காரை எண்ணி நாலால பெருக்கிக்கிட்டிருந்தவன்டா. அவனைப் போயி நான் காதலிப்பேனா?"